கடைசி கோலும் முதல் கோப்பையும்

திருச்சுழி என்று சொன்னதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவு வருபவர் ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30 அன்று இவ்வூரில் பிறந்த வேங்கடராமன், பள்ளி நாள்களில் பாடத்தைவிட விளையாட்டில்தான் நாட்டம் மிக்கவராக இருந்தார் என்பதை அவருடைய வரலாற்றைப் படித்தோர் அறிவர். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாம் அவருக்கு உவப்பானவை. அவர் எந்தப் பக்கம் சேர்கிறாரோ அந்தப் பக்கமே ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் அவரைத் 'தங்கக்கை' என்று அழைத்தார்களாம். 1890களில் பள்ளிப் பையன்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றிய இச்செய்தி நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது? பி.வி. நரசிம்ம சுவாமி திருவண்ணாமலையில் தங்கி, கேட்டுக் கேட்டுக் குறித்து, 1931இல் ஆங்கிலத்தில் ஒரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் தொடர்ந்து எழுதினார்கள். ஞானியின் வரலாற்றில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. அதனால் நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் காரணம்.

இப்போது வேறொரு செய்தி. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா கால்பந்து ஆடியது. பி.கே. பானர்ஜி அணித்தலைவர். சையத் அப்துல் ரஹீம் பயிற்சியாளர். முதல் ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் தோல்வி. இரண்டாவதில் பிரான்சுடன் 1-1 எனச் சமன். மூன்றாவது ஆட்டம் பெரு நாட்டுடன், பெஸ்காரா என்னும் இத்தாலியக் கடற்கரை நகரில். அதில் 1-3 என்று தோற்றோம். அந்த ஒற்றை கோலை, ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்தவர் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழ்நாட்டு முன்கள ஆட்டக்காரர். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. ஆக, ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல் ஒரு தமிழருடையது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது அந்த கோலுக்கு வயது 64.

130 ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளிச் சிறுவன் ஒருவனின் பந்தாட்டம் நமக்குத் தெரிந்திருக்கிறது. அறுபது சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒலிம்பிக் ஆட்டக்காரரைத் தெரியாது. அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் பத்துப் பேரை நிறுத்திச் சைமன் சுந்தரராஜ் யார் என்று கேட்டால் பதில் வராது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இலக்கியக் கூட்டத்தில் கேட்டாலும் வராது என்பதே நம்முடைய குறை. ஆட்டக்காரன் மைதானத்தில் செய்வதைச் செய்துவிட்டுப் போய்விடுகிறான். அதை நினைவாக்குவது எழுதுகிறவன் வேலை. அந்த வேலையைத் தமிழில் நாம் செய்யவில்லை. இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது இதுதான். அதற்குச் சுந்தரராஜின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை என்று தோன்றுகிறது.

முதலில் அந்த 'கடைசி கோல்' என்னும் பட்டத்தைப் பார்ப்போம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக் வரும்போதெல்லாம் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் இவர் பெயர் எட்டிப் பார்க்கும். ஒலிம்பிக் முடிந்ததும் மறைந்துவிடும். இது விசித்திரமானதொரு பெருமை. எந்த ஆட்டக்காரனும் தன் கோல் நாட்டின் கடைசி கோலாக இருக்கவேண்டுமென்று ஆசைப்பட்டு அடிப்பதில்லை. அடுத்தவன் வந்து அடிக்க அடிக்கத்தான் முன்னே அடித்தவனுக்கு மரியாதை. சுந்தரராஜுக்குப் பின் எவரும் வராததால் அவர் தலையில் அந்தப் பட்டம் உட்கார்ந்துவிட்டது. உண்மையில் அது அவருடைய சாதனையைச் சொல்லும் பட்டமாகத் தெரியவில்லை. இந்தியக் கால்பந்தின் வீழ்ச்சியைச் சொல்வதற்கு அவர் பெயர் ஒரு அடையாளக் கல்லாகப் பயன்படுகிறது. நெடுஞ்சாலையோரத்து மைல்கல்லுக்கு யாரும் வாழ்க்கை வரலாறு எழுதுவதில்லை அல்லவா?

அவர் வாழ்க்கை அந்த கோலோடு முடிந்துவிடவில்லை. முன்கள ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆனார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1973இல், கேரள மாநில அணியின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் இருந்தது. சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941இல் தொடங்கியது. மாநிலங்களும், ரயில்வே, ராணுவம் போன்ற துறை அணிகளும் மோதும் தேசியப் போட்டி அது. அதுவரை கேரளம் அக்கோப்பையைத் தொட்டதில்லை. 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளத்தில் மகாராஜா கல்லூரி மைதானத்தில் இறுதியாட்டம். எதிரே ரயில்வே அணி. 3-2 என்ற கணக்கில் கேரளம் வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. அன்றிலிருந்து 2017இல் காலமாகும் வரை அவர் கேரளத்துக்குக் 'கேப்டன் மணி'. வேறு எத்தனையோ கேப்டன்கள் வந்து போன பிறகும் அந்த அடைமொழி அவரிடமிருந்து கழன்றுவிடவில்லை. மறுநாள் அரசே விடுமுறை விட்டது என்று மலையாள நண்பர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள்.

அந்த அணியின் துணைத் தலைவர் டி.ஏ. ஜாபர். 1973க்குப் பிறகு அடுத்த கோப்பைக்குக் கேரளம் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அது வந்தது நம் கோயம்புத்தூரில், 1992இல், இறுதியாட்டத்தில் கோவாவை வென்று. அடுத்த ஆண்டு கொச்சியில் மகாராஷ்டிரத்தை வென்று மீண்டும் ஒரு கோப்பை. இந்த இரண்டு முறையும் கேரளத்தின் பயிற்சியாளராக இருந்தவர் அதே ஜாபர். சுந்தரராஜின் கீழ் ஆடியவர் தாமே பயிற்சியாளராகி இருமுறை கோப்பை கொண்டுவந்திருக்கிறார். 2022 வரை கேரளம் 7 முறை அக்கோப்பையை வென்றிருக்கிறது. வரிசையின் தலையில் நிற்பது 1973.

நாம் கேட்பது இதுதான்: ஒரு மனிதர் தோற்றுப்போன ஆட்டத்தில் ஆறுதலுக்கு ஒரு கோல் அடித்தார். அதே மனிதர் ஒரு மாநிலத்துக்கு முதல் கோப்பையைக் கொண்டுவர உடனிருந்தார். அவரை எதற்காக நினைவு கூரவேண்டும்? கடைசி கோலுக்காகவா, முதல் கோப்பைக்காகவா? நாளேட்டின் சிறு கட்டம் முன்னதைத்தான் தேர்ந்தெடுக்கும். அதன் இயல்பு அப்படி. முழு வாழ்க்கையை எழுத முனைகிறவன் பின்னதை நோக்கித்தான் போகமுடியும். ஏனெனில் அங்கேதான் கதை இருக்கிறது. அங்கேதான் ஒரு தமிழர் வேறொரு மொழி பேசும் பையன்களைச் சேர்த்து நிறுத்தி, தான் ரஹீமிடம் கற்றதையும் ஐரோப்பிய மைதானங்களில் பட்டதையும் அவர்களுக்குக் கைமாற்றித் தந்த கதை இருக்கிறது.

கால்பந்தில் முன்கள ஆட்டக்காரனின் வேலையும் பயிற்சியாளரின் வேலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முன்களத்தில் நிற்பவன் தன்னலக்காரனாக இருந்தாகவேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தாலும் தானே அடிக்கும் துணிச்சல் இல்லாதவன் அந்த இடத்துக்கு லாயக்கில்லை. அவன் பெயர் பலகையில் ஏறும். நிமிடக் கணக்கோடு பதிவாகும். பயிற்சியாளருக்கு அந்தப் பலகையில் இடமில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். தன் கால் செய்யக்கூடியதை இன்னொருவன் கால் செய்யத் தவறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஜெயித்தால் மாலை ஆட்டக்காரர்களுக்கு. தோற்றால் வசவு தனக்கு. கோலடித்துப் பழகிய ஒருவர் இந்த இடத்துக்கு மாறுவது எளிதன்று. புகழை விட்டுக்கொடுக்கும் மனம் அதற்கு வேண்டும். நம் இலக்கியத்தில் ஆசிரியர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. இந்த வகை ஆசிரியரைப் பற்றி ஏன் இல்லை?

உலகில் வேறெங்கும் இந்த மாற்றம் எப்படிக் கவனிக்கப்பட்டது என்பதற்கு ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம். 1960 ரோம் ஒலிம்பிக் கால்பந்தில் ஜப்பான் இல்லை. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை 2-0 என்று வென்று, பின்னர் தங்கப் பதக்கமும் பெற்றது. அந்தக் கட்டத்தில் ஒருவர் இரு நாடுகளையும் பார்த்திருந்தால் எதிர்காலம் இந்தியாவுடையது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஜப்பானியர் 1964இல் டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கை மனத்தில் கொண்டு 1960இலேயே டெட்மார் கிராமர் என்னும் ஜெர்மானியப் பயிற்சியாளரை அழைத்துவந்தார்கள். நாட்டளவில் ஒரு லீக் வேண்டும் என்று அவர் சொன்னார். 1965இல் லீக் தொடங்கிவிட்டது. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. அப்போட்டியில் 7 கோல்கள் அடித்து முதலிடம் பிடித்தவர் குனிஷிகே கமமோட்டோ என்னும் முன்கள ஆட்டக்காரர். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவை அவர்கள் மண்ணிலேயே 2-0 என்று சாய்த்த இரண்டு கோல்களும் அவருடையவை.

கமமோட்டோ யான்மார் டீசல் நிறுவன அணியில் ஆடியவர். ஜப்பானிய லீக்கில் 202 கோல்கள் அடித்தவர். 1978 முதல் அதே அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர இருந்தார். 1980இல் அணி லீக்கை வென்றது. 1984இல் அவர் விடைபெற்ற ஆட்டத்துக்கு பெலேயும் ஜெர்மனியின் ஓவராத்தும் டோக்கியோவுக்கு வந்து ஆடினார்கள். 1991 முதல் 1994 வரை இன்று கம்பா ஒசாகா என்று அறியப்படும் அணியைப் பயிற்றுவித்தார். அங்கே அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வெற்றி கிட்டவில்லை. பெரிய கோலடிப்பவர் பெரிய பயிற்சியாளராகவும் இருப்பார் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் மறுஆண்டே நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் ஜப்பானியக் கால்பந்துச் சங்கத்தின் துணைத் தலைவரானார். 2025 ஆகஸ்டில், 81 வயதில் அவர் மறைந்தபோது அவர் கோல்களை நேரில் பார்த்திராத தலைமுறைக்கும் அவர் யாரென்று தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். கமமோட்டோவின் ஆட்டத் தரம் எங்கே, ஒலிம்பிக்கில் ஒரு கோல் அடித்தவர் எங்கே என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒப்பீடு ஆட்டத் தரத்தைப் பற்றியதன்று. ஒரு சமூகம் தன் ஆட்டக்காரனின் முழு வாழ்க்கையை, அவன் வென்றதையும் தோற்றதையும், தொடர்ச்சியாகப் பின்தொடர்ந்ததா என்பதே நம் கேள்வி. கமமோட்டோவின் கோல்களோடு அவர் பயிற்சியாளராகத் தோற்றதும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. ஜப்பானியர் இன்று உலகக் கோப்பையில் தவறாமல் ஆடுவதற்கு லீக், பள்ளிப் போட்டிகள், பணம் என்று காரணங்கள் பல உண்டு. முன்னோரை மறக்காமல் வைத்திருப்பதும் அக்காரணங்களில் ஒன்றென்று நாம் நம்புகிறோம். யாரைப் பார்த்து ஆடுவது என்று தெரிந்த பையன் முதல் அடியிலேயே கொஞ்சம் முன்னால் நிற்கிறான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சுந்தரராஜுக்குப் பின்னும் முன்களத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1997-98 தேசிய லீக் பருவத்தில் 10 கோல்கள் அடித்து முதலிடம் பெற்ற ராமன் விஜயன் தமிழ்நாட்டுக்காரர். அவர் அந்த கோல்களை அடித்தது எஃப்.சி. கொச்சி என்னும் கேரள அணிக்காக. பின்னாளில் அவரும் பயிற்சியாளரானார். இந்தியன் வங்கி அணியின் முன்களத்தில் ஆடிய சையத் சபீர் பாஷா, சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். 2022இல் தலைமைப் பயிற்சியாளர் பாதியில் விலக்கப்பட்டபோது அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களுக்கு அவரே பொறுப்பேற்றார். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருக்க, நடுவில் விழும் இடைவெளியை நிரப்பக் கூப்பிடப்படுகிறவராக நம்மவர் இருக்கிறார். இதை யாராவது ஒரு நாவலாக எழுதினால் நாம் ஆவலோடு படிப்போம்.

தமிழ்நாட்டு அணி இதுவரை சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. 2012இல் கட்டாக்கில் இறுதியாட்டம் வரை போய், சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று தோற்றுத் திரும்பியது. நம் மண்ணில் பிறந்தவர் பக்கத்து மாநிலத்துக்குக் கோப்பை வென்று தந்திருக்க, நாம் வெறுங்கையோடு நிற்கிறோம். இதில் யாரையும் குற்றஞ்சாட்ட நமக்கு விருப்பமில்லை. திறமை உள்ளவன் வேலை கிடைக்கும் இடத்துக்குப் போகிறான். இது எங்கள் வறண்ட சீமைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே ஒரு விசேஷம். மழை பொய்த்த ஆண்டுகளில் அருப்புக்கோட்டைத் தறிக்கும், சிவகாசிக்கும், திருப்பூருக்கும், அதற்கப்பால் பம்பாய்க்கும் ஆள்கள் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். போனவர்களை ஊர் கைவிட்டுவிடுவதில்லை. கொடைக்கும் பொங்கலுக்கும் வரி போடும்போது அவர்கள் பெயரும் நோட்டில் இருக்கும். வெளியூரில் சம்பாதிக்கிறவன் எங்கள் ஆள் இல்லை என்று எந்தக் கிராமத்திலும் சொன்னதில்லை. 'கேரளத்துக்குப் பயிற்சி கொடுத்தவர், அவர்களே எழுதிக்கொள்ளட்டும்' என்று நாம் மட்டும் எப்படிச் சொல்லமுடியும்?

இன்னொரு மறுப்பும் உண்டு. கரிசல்காட்டுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அது. பங்குனி சித்திரையில் திருச்சுழிப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். தண்ணீர் வற்றிய தரை வெடித்துக் கிடக்கும். அதில் ஓரிடத்தைச் சமப்படுத்திப் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் கம்பு நட்ட கோல், மறுபக்கம் செருப்பைக் கழற்றிவைத்த கோல். எதிர் அணியைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேல முள். பந்து கரைப்பக்கம் போனால் திரும்பி வரும்போது காற்று இருக்காது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி அடுத்த நாள் ஆட்டம். தண்ணீர் இருந்தால் விவசாயம், இல்லாவிட்டால் பந்து. இந்தப் பையன்களுக்கும் எங்காவது ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அல்லது ஒரு காலத்தில் கல்லூரி அணியில் முன்களத்தில் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பி வேறு பிழைப்பு பார்க்கிறவர். சுந்தரராஜின் மாற்றம் சிறிய அளவில் இங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ரஹீமே அடிப்படையில் ஹைதராபாதில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம்.

இந்தச் சீமையை ஒட்டியே தேசிய அளவிலான ஒரு கால்பந்துக் கதை நடந்திருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் காரியாபட்டி. அங்கே புல்லூரில் உள்ள சேது தொழில்நுட்பக் கல்லூரியைச் சார்ந்து 2016இல் தோன்றியது சேது எஃப்.சி. என்னும் மகளிர் கால்பந்துக் குழு. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று அது தேசிய சாம்பியன் ஆனது. கடலூர்ப் பகுதியிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன், மணிப்பூரின் கிரேஸ் டாங்மெய், ரத்தன்பாலா தேவி, நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஆகியோர் அந்த அணியில் ஆடினார்கள். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்னும் பெண்மணி. காலங்காலமாக ஆள்கள் வெளியேறிப் போகிற சீமைக்கு, மணிப்பூரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பெண்கள் பந்தாட வந்து சேர்ந்தார்கள். எங்கள் பகுதியின் வரலாற்றில் இதைவிடச் சுவையான திருப்பம் சமீபத்தில் நடந்ததாகத் தெரியவில்லை.

அதே 2019இன் தீபாவளிக்கு 'பிகில்' திரைப்படம் வந்தது. முன்னாள் முன்கள ஆட்டக்காரர் ஒருவர் தமிழ்நாட்டு மகளிர் அணிக்குப் பயிற்சியாளராகிக் கோப்பை வெல்லும் கதை. அரங்குகள் நிரம்பி வழிந்தன. படத்தின் மேல் நமக்கு வருத்தமில்லை. கேளிக்கைக்கு எடுத்த படம், கேளிக்கையைத் தந்தது. ஆனால் ஐந்து மாதங்களுக்கு முன்புதான் நிஜமான ஒரு தமிழ்நாட்டு மகளிர் அணி, நிஜமான ஒரு பெண் பயிற்சியாளரின் கீழ், நிஜமான கோப்பையை வென்றிருந்தது. அதற்காக எத்தனை பேர் விசிலடித்தோம்? மலையாளிகள் 2018இல் வி.பி. சத்யனின் வாழ்க்கையைக் 'கேப்டன்' என்று படமாக்கினார்கள். இந்திக்காரர்கள் 2024இல் ரஹீமின் வாழ்க்கையை 'மைதான்' என்று எடுத்தார்கள். அவர்கள் நடந்ததிலிருந்து கதை எடுக்கிறார்கள். நமக்கு நடந்தது தெரியாததால் கதை கட்டவேண்டியிருக்கிறது.

திரைத்துறையை நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. படம் எடுக்கிறவருக்கு ஒரு புத்தகம் வேண்டும். புத்தகம் எழுதுகிறவருக்குப் பத்துக் கட்டுரைகள் வேண்டும். கட்டுரைகள் எங்கே வரும்? சிற்றிதழ்களிலும் இலக்கிய இதழ்களிலும்தான் வரவேண்டும். நாமோ கால்பந்து என்றதும் லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்களின் மேற்கோள்களைத் தேடிப் போகிறோம். மாரடோனா மறைந்தபோது தமிழில் எத்தனை உருக்கமான அஞ்சலிகள் வந்தன! அவை தவறென்று சொல்லமாட்டோம். அவற்றை நாமும் விரும்பிப் படித்தோம். ஆனால் நேப்பிள்ஸ் நகரத்துத் தெருக்களை மனப்பாடமாக எழுதத் தெரிந்த நமக்குப் பெஸ்காராவில் ஒரு தமிழர் அடித்த கோலைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றவில்லை. புத்தகக் கண்காட்சிகளில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் வரலாறுகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்க் கால்பந்தர் ஒருவரின் வரலாற்றைக் கேட்டு எவரும் கடைக்காரரை நச்சரித்ததாக நாம் கண்டதில்லை. கேட்காத பண்டத்தை எந்தக் கடைக்காரரும் வாங்கி வைப்பதில்லை.

உடற்பயிற்சியும் விளையாட்டும் அறிவுத் துறைக்கு வெளியே இருப்பவை என்றொரு எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அதே எண்ணம்தான் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுக்கிறது. அந்த வகுப்பு திரும்பக் கிடைப்பதேயில்லை. பள்ளி செய்வதைக் குறை கூறும் நாம், நம் இதழ்களில் அதையே செய்துகொண்டிருக்கிறோம். உழவனையும் நெசவாளியையும் கூத்துக் கலைஞனையும் பற்றி எழுதிய தமிழ், உடம்பைக் கொண்டு உழைக்கும் இன்னொரு வகைக் கலைஞனாகிய ஆட்டக்காரனைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறது. கரிசல் இலக்கியம் என்று பெருமையோடு பேசும் சீமையிலிருந்து இதைச் சொல்கிறோம். பருத்தியையும் கம்பையும் பற்றி எழுதியாகிவிட்டது. காய்ந்த கண்மாயில் பந்து உதைக்கும் பையனைப் பற்றியும், அவனுக்கு விசில் ஊதும் ஆசிரியரைப் பற்றியும் எழுதவேண்டும்.

நாம் கோருவது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்று, சைமன் சுந்தரராஜின் வாழ்க்கை தமிழில் ஒரு முழு நூலாக வரவேண்டும். அதில் பெஸ்காராவுக்கு ஒரு அத்தியாயமும் எர்ணாகுளத்துக்குப் பல அத்தியாயங்களும் இருக்கவேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த நண்பர்கள் அங்கே 1973 அணியைப் பற்றி வந்திருப்பவற்றைத் திரட்டித் தந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மற்றொன்று, இன்னும் எளியது. அவரவர் ஊரில் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த ஒருவரைத் தேடிப்போய், அவர் எங்கே ஆடினார், எப்போது நிறுத்தினார், யார் யாரை உருவாக்கினார் என்று கேட்டு நான்கு பக்கம் எழுதுங்கள். ரமணரின் பந்தாட்டம் நமக்குத் தெரிந்திருப்பது யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால்தான். கேட்பதற்கு நரசிம்ம சுவாமி அளவுக்குப் பொறுமை இல்லாவிட்டாலும், ஒரு மாலைப்பொழுதும் ஒரு நோட்டும் போதும்.

பதில் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். கேப்டன் மணி 2017இல் போய்விட்டார். ஜாபர் 2023இல் போய்விட்டார். அவர்களைப் பற்றிக் கேரளம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்துக் கணக்கில் இன்னும் ஒரு வரியும் ஏறவில்லை.